பெல்லாக்வா குடும்பத்தை நான் விசாரித்த விதம்

செஞ்சிக் கோட்டை டிக்கெட் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளைக்காரர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே இங்கிலீஷ் கற்றேன். இப்போது எனக்கு ஒரே வேலை, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்வது. மேல்சித்தாமூர் முதல் வல்லம் வரை நான் விசாரிக்காமல் நடந்த கல்யாணமே கிடையாது. இரண்டு மூன்று நடந்திருக்கலாம். அவை விளங்கவில்லை.

வல்லத்துப் பிலவேந்திரன் ஒருநாள் வந்து நின்றான். அவனுடைய இளைய மகள் ரீட்டா நியூ ஜெர்சியில் நர்ஸ். அங்கே மார்க்கோ பெல்லாக்வா என்ற இத்தாலி வம்சத்துப் பையனை விரும்புகிறாள்.

“எங்கள மாதிரி சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன்தான் அண்ணே. குடும்பம் எப்டின்னு தெரியணும்ல. நீ விசாரிச்சி சரின்னாதான் நானும் சரின்னு சொல்லுவேன்” என்றான்.

அன்று சாயங்காலமே ரீட்டா போனில் வந்தாள்.

“பெரியப்பா, அவரு கொள்ளுத்தாத்தா நியூயார்க்குல பெரிய ரவுடிக் கூட்டத்துக்குத் தலைவரு. நைனாவுக்குத் தெரிஞ்சா கல்யாணம் அவ்ளோதான். எப்டியாவது காப்பாத்துங்க.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ‘பையன் பீடி குடிக்கிறானா’ என்று கேட்டுக் கேட்டே சலித்துப் போனவன் நான்.

விசாரணையில் ஒரு முறை உண்டு. குடும்பத்தின் குறை தெரிய வேண்டுமானால் பங்காளியைக் கேட்க வேண்டும். அவன்தான் எதையும் மறைக்க மாட்டான். பெல்லாக்வாக்களுக்கு அங்கே பங்காளி ஸ்தானத்தில் இருந்தது போலீஸ். அவர்கள் எழுதிய அறிக்கை இண்டர்நெட்டிலேயே கிடந்தது. நாலாயிரம் பக்கம். சரி, நானூறு.

கொள்ளுத்தாத்தா சல்வடோரே சிசிலித் தீவிலிருந்து ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு கப்பலேறியவர். பத்தே வருஷத்தில், அவர் தலையசைக்காமல் புரூக்ளின் துறைமுகத்தில் ஒரு மீன்கூடக் கரையிறங்காது. குப்பை லாரி, செங்கல், ரொட்டிக்கடை எல்லாம் அவர் சொன்னபடி. எதிர்த்துப் பேசியவர்களுக்குப் பல் இருக்காது. மகன் கார்மைனும் அதே வழி. பேரன் ஆன்டனி, அதாவது மார்க்கோவின் அப்பா, பல் டாக்டர். இரண்டு தலைமுறை உடைத்ததை மூன்றாவது தலைமுறை கட்டுகிறது. இதைவிடப் பொறுப்பான குடும்பம் எங்கே கிடைக்கும்?

“தொறைமுகக் குத்தகைதாரருங்க, சுத்தமான குடும்பம்” என்று பிலவேந்திரனிடம் சொல்லிவிட்டேன்.

தை மாதம் ரீட்டாவோடு மார்க்கோவும் ஆன்டனியும் நேரில் வந்துவிட்டார்கள். எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் பெண் கேட்பேன் என்று ஆன்டனிக்குப் பிடிவாதம். மொழிபெயர்க்க நான். பெண் பேசக்கூடாது என்பதால் ரீட்டா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

“என் தாத்தா ஊரையே மிரட்டி வைத்திருந்தார்” என்றார் ஆன்டனி.

“தாத்தா பேச்சுக்கு ஊரே கட்டுப்படுமாம்” என்றேன்.

“பதினான்கு வருஷம் சிறையில் இருந்தார்.”

“பதினாலு வருஷம் கவர்மெண்டுல இருந்தாராம்.”

“பென்ஷன் உண்டா?” என்றான் பிலவேந்திரன்.

“சாப்பாடு, துணி, தங்கற எடம், எல்லாம் ஃப்ரீ.”

“அவர் மைத்துனரைச் சவரக்கடையில் வைத்துச் சுட்டுவிட்டார்கள்.”

“மச்சான் ஷேவிங் பண்ணிக்கும்போது தவறிட்டாராம், பாவம்.”

“ஹார்ட்டா?”

“ஹார்ட்லதான்.”

காப்பி கொண்டுவந்த பிலவேந்திரன் மனைவி ஞானம் தட்டைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, அந்த மனுசன் அரை மணி நேரமா அழுவுறாரு. கவர்மெண்டு வேலைக்கு எவன் அழுவான்?”

நான் ரீட்டாவைப் பார்த்தேன்.

“சொல்லிடுங்க பெரியப்பா” என்றாள்.

சொன்னேன். துப்பாக்கி, சிறை, பல், எல்லாம். கடைசியில் கார்மைன் மனம் மாறிக் கோர்ட்டில் ஏறி, இருபத்து மூன்று பேரைக் காட்டிக்கொடுத்ததையும் சொன்னேன். அதில் பத்தொன்பது பேர் சொந்தப் பங்காளிகள். அன்றோடு தொழிலும் ஒழிந்தது, உறவும் ஒழிந்தது.

மார்க்கோ கடித்த முறுக்கை மெல்லாமல் வைத்திருந்தான்.

“அந்தப் பங்காளிங்க இவங்களோட பேசறதில்லியா?” என்றான் பிலவேந்திரன்.

கேட்டுச் சொன்னேன். “முப்பது வருசமா பேச்சே இல்லியாம்.”

“கல்யாணத்துக்கு?”

“ஒருத்தரும் வரமாட்டாங்களாம்.”

“பஸ் வெச்சி யாரும் வந்து எறங்கமாட்டாங்க?”

“மாட்டாங்க.”

“எலும்புதான் இருக்குது, கறி இல்லன்னு எலையத் தள்ளிட்டு எழுந்திரிக்க மாட்டாங்க?”

அவன் மூத்த மகள் அமலாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஆறு சித்தப்பாக்கள் அப்படித்தான் எழுந்தார்கள். ஒவ்வொருவர் காலிலும் விழுந்து இவன் பந்தியில் உட்கார வைத்தான்.

பிலவேந்திரன் ஞானத்தின் பக்கம் திரும்பினான். “இன்னா சொல்ற?”

“எனக்குப் புள்ளைய அப்பவே புடிச்சிருக்குது. நீதான் இழுத்துனு இருக்குற.”

“சரின்னு சொல்லிடு அண்ணே” என்றான்.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. ஆன்டனி மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒருவர் மட்டும் கல்யாணத்துக்கு வர ஆசைப்படுகிறார் என்றார். சித்தப்பா டொமினிக். கார்மைன் காட்டிக்கொடுத்த சொந்தத் தம்பி. இருபத்தொன்பது வருஷம் உள்ளே இருந்துவிட்டுப் போன மாதம்தான் வெளியே வந்திருக்கிறார். இவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஒரே சொந்தம்.

சித்தப்பா என்றதும் பிலவேந்திரன் முகம் மாறியது. ரீட்டா மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றாள்.

“சாப்பாட்ல கொற சொல்லுவாரா, கேளு.”

கேட்டேன். ஆன்டனி கொஞ்சம் யோசித்தார்.

“சூடா எது போட்டாலும் அழுதுடுவாராம்” என்றேன்.

பிலவேந்திரன் தாடையைத் தடவினான்.

“வரச்சொல்லு. மொதப் பந்தியில எம் பக்கத்துலயே ஒக்காரட்டும்.”

இதை மட்டும் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் ஆன்டனியிடம் சொன்னேன். பெரும் சிரமமாக இருந்தது.