உம் கொட்டாத இடம்

மணலூர்பேட்டை சுபாஷ் கேசட்டை மேசைமேல் வைத்தபோதே தேவதர்ஷினிக்கு அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற கடைக்குப் பழைய கேசட்டோடு வருகிறவர்கள், செத்துப்போன அப்பா பாடியது, அம்மா பேசியது என்று கண் கலங்கிக்கொண்டு வருவார்கள். இவனிடம் கலக்கம் கிடையாது, அவசரம்தான்.

"எங்க தாத்தா மலைமேல பஞ்சாயத்துல ரெக்கார்டு பண்ணது. ஊர்க்கவுண்டர் பேசறது மட்டும் கிளியரா கேக்கணும். திங்கக்கிழம ஆர்டிஓ வெசாரணைல போடணும்."

"இன்னா வெசாரணைங்க?"

"நெலத்து கேசு. உனக்கெதுக்கும்மா அது?"

எதுக்கா? கேசட் அட்டையில் எழுதியிருந்தது, கல்வராயன் மலையில் அவள் அத்தை செல்லியம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர். அத்தையோடு சேர்த்து ஆறு வீட்டுக்காரர்கள் உழுகிற காட்டைத்தான் தங்கள் தாத்தாவுக்கு வந்தது என்று இவன் குடும்பம் பிடுங்கப் பார்க்கிறது. அந்தக் காடு போனால் அத்தை கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகவேண்டியதுதான். தர்ஷினி வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் கேசட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"பி.எஸ்சி படிச்ச பொண்ணு, சுத்தமா செஞ்சி குடுத்துரும்" என்றார் முதலாளி காசிநாதன். வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். அதைக் காசிநாதன் கடையின் புது கேமரா மாதிரி எல்லாருக்கும் காட்டுவார்.

கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல், ஊருக்குத் தலைவரான கவுண்டர். பின்னால் மழை, டேப்பின் சீறல், அதோடு தேன்கூடு கலைந்த மாதிரி ஒரு இரைச்சல். இதற்கு ஒரு வழி உண்டு. யாரும் பேசாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்து, இதுதான் இரைச்சல் என்று மெஷினுக்குக் காட்டிவிட்டால், அதே சாயலில் இருப்பதையெல்லாம் அது உருவி எடுத்துவிடும். காட்டினாள். உருவியது. குரல் கழுவிவிட்ட மாதிரி வந்தது.

"இந்தக் காட்ட மணலூர்பேட்டையாருக்குக் குடுத்தாச்சி."

இருக்காது, எதுவோ தில்லுமுல்லு. பழைய ஒலியை மறுபடி எடுத்து அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் அந்த இரைச்சல் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை அடுத்து மட்டும் இல்லை.

"அண்ணே, வெட்டி ஒட்டியிருக்கானுங்க."

காசிநாதன் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். "ஒட்டியிருந்தா மழயும் அறுந்துதான வரும்? மழ பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கு. வேலையப் பாரு."

இந்த ஆளும் அவனோடு கூட்டா? அவள் ஹெட்போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கேட்டாள். மழை அறவில்லை. சீறலும் அறவில்லை. கவுண்டர் ஒன்று சொல்லி நிறுத்துகிறார், இரைச்சல் எழுகிறது, அடங்குகிறது. அடுத்தது சொல்கிறார், மறுபடி எழுகிறது. மழையோ டேப்போ எதற்கு ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்?

சீச்சீ, என்றாள் வாய்விட்டு. சின்னதில் பஞ்சாயத்தில் அத்தை மடியில் உட்கார்ந்திருக்கையில் அவள் முதுகில் அதிர்ந்தது இதுதான். கவுண்டர் சொன்னதை ஊர் ஒத்துக்கொண்டால் ஆணும் பெண்ணுமாக உம் கொட்டும். கொட்டினால்தான் அது ஊர்ப்பேச்சு. கொட்டாவிட்டால் கவுண்டரின் சொந்தப் பேச்சு, காற்றோடு போச்சு. அந்த உம் சத்தத்தைத்தான் அவள் கையாலேயே இரைச்சல் என்று மெஷினுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

மத்தியானம் சுபாஷ் வந்தான். சுத்தம் செய்ததைக் கேட்டுச் சிரித்தான். பிறகு அவள் இன்னொன்றைப் போட்டாள். அதில் ஊர் உம் கொட்டுகிற சத்தத்தை ஏற்றி வைத்திருந்தாள்.

"இன்னாது இது, தேனீ மாதிரி? இத எடுத்துடு."

"தேனீ இல்லீங்க, ஊரு. எல்லாத்துக்கும் உம்னுது. உங்க தாத்தாவுக்குக் குடுத்தாச்சின்னு சொன்னப்ப மட்டும் ஊரு வாயத் தொறக்கல. கேட்டீங்களா?"

அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "நீ எந்த ஊரு?"

"மலைதான்."

"அதான பாத்தேன்" என்று காசிநாதன் பக்கம் திரும்பினான். "மொதல்ல செஞ்சதே போதும்ணே. மெஷின்ல இன்னா செஞ்சதுன்னு சர்டிஃபிகேட்டு வேணும்னு வக்கீல் சொன்னாரு. கையெழுத்து போடச் சொல்லுங்க."

"தாராளமா போடறேன்" என்றாள் தர்ஷினி. "ஊர்சனம் உம் கொட்டன சத்தத்த எடுத்துட்டேன்னு எழுதித்தான் போடுவேன்."

"திமிரப் பாருங்கண்ணே. நீங்க போடுங்க."

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "மெஷின்ல உக்காந்தது அந்தப் பொண்ணுதான தம்பி. நான் எப்படிப் போடறது?"

அது நேர்மையா, கோர்ட் பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. சுபாஷ் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு, "கள்ளக்குறிச்சில வேற கடையே இல்லியா?" என்று படி இறங்கினான்.

கேசட்டில் இருந்ததை ஏற்றி வைத்திருந்த பென்டிரைவை அவள் கம்ப்யூட்டரிலிருந்து உருவினாள்.

"கஸ்டமர் பொருளு, வெளிய போவக்கூடாது" என்றார் காசிநாதன்.

"போவும்ணே."

"போனா நாளைக்கு வேலைக்கு வராத."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, சிக்னல் போவதற்குள் அத்தைக்கு போன் போட்டாள்.

"அத்த, மணலூர்பேட்டையார் டேப்போட வந்தாரே, அந்தப் பஞ்சாயத்துல நீ இருந்தியா?"

"இருந்தேன்டி. கண்ணாலமான புதுசு. இன்னாத்துக்குக் கேக்கற?"

"காட்டக் குடுத்தாச்சின்னு கவுண்டரு சொன்னப்ப நீ உம் கொட்டனியா?"

"ஏன்டி கொட்டறேன்? அது எங்க சோறு."

"அத அப்படியே திங்கக்கிழம ஆர்டிஓகிட்ட வந்து சொல்லு. அன்னிக்கு இருந்தவங்க யார்யாரு உசுரோட இருக்காங்களோ எல்லாரையும் கூட்டிக்கோ. நான் வந்துகினு இருக்கேன்."