உப்பளத்துல ஒதுங்க இடமில்ல

உப்பளத்துல ஒதுங்க எடம் ஏது? மரக்காணத்துல கண்ணுக்கெட்டுன வரைக்கும் பாத்தியும் வரப்புந்தான், மறைவுக்கு ஒரு புதர் கிடையாது. காலையில எறங்குனா சாயங்காலம் வரைக்கும் பொம்பளைங்க அடக்கிக்கிட்டு நிக்கணும். அது எங்களுக்குப் பழகிப்போச்சு. அந்தப் பழக்கந்தான் எங்கூட வேலை செய்யுற பொன்னியைப் படுக்க வச்சுது.

சுனாமிக்கு அடுத்த வருஷம். மழைக்கு முன்னாடி கடைசி உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுன அன்னிக்கு, மொதலாளி கறிச்சோறு போட்டாரு. ஆம்பளைங்க வெளிய குந்தி பிராந்தி குடிச்சாங்க. நாங்க ஷெட்டுக்குள்ள, கலர் சோடாவுல கலந்து, யாருக்கும் தெரியாம. வருஷம் பூரா சேறு வாரி முதுகு ஒடிஞ்சுது, குடிச்சா என்ன குத்தம்? நான் ரெண்டு மடக்கோட நிறுத்திக்கிட்டேன். பொன்னி நிறுத்தல. ஷெட்டுக்கு ஒரே வாசல், அங்க ஆம்பளைங்க. தள்ளாடிக்கிட்டு அவங்க எதிர்ல போனா மானம் போயிடும்னு, அடக்கிக்கிட்டே தூங்கிட்டா. அவங்க கிளம்புனதும் நான்தான் எழுப்பிக் கூட்டியாந்தேன். வரப்புல வழுக்கி, வயித்துல அடிபடக் குப்புற விழுந்தா.

மறுநாள் வயிறு பானையாட்டம் இருக்குது, ஒரு சொட்டு போகல. அவ நாத்தனா முத்தம்மாள் நீர்க்கடுப்புன்னு சொல்லி, தொப்புள்ல விளக்கெண்ணெ வச்சு சொம்பு சொம்பா பார்லித் தண்ணி ஊத்துனா. உப்பளத்துல யாருக்கு நீர்க்கடுப்பு வரல? எல்லாரும் நம்பிட்டோம். மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிச்சோம்.

"நேத்து என்னம்மா நடந்துச்சு?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"ஒண்ணும் இல்லீங்க மேடம், சூடுங்க"ன்னா முத்தம்மாள்.

சொல்லாதேன்னு பொன்னி என் கையை அழுத்துறா. அவ புருஷன் ராஜாங்கம் தரையையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். தினம் குடிக்கிறவனுக்கு அன்னிக்குத்தான் மானம் வந்துச்சு போல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"குடிச்சிருந்தா மேடம். அடக்கிக்கிட்டே தூங்கிட்டா. அப்புறம் வயித்துல அடிபடக் குப்புற விழுந்துட்டா."

அந்தம்மா முகமே மாறிப்போச்சு. மூத்திரப்பை கிழிஞ்சிருக்கும்னு சொல்லி, டியூப் போட்டு பாண்டிச்சேரிக்கு அனுப்பிட்டாங்க. போதையில பை நிறைஞ்சது தெரியாதாம். நிறைஞ்ச பைக்குச் சின்ன அடியே போதுமாம். ஆபரேஷன் பண்ணித்தான் பொழைச்சா.

சேதி ஊரெல்லாம் பரவி, குடிகாரின்னு பேரு வச்சுட்டாங்க. அதுலேர்ந்து பொன்னி எங்கிட்ட பேசறதில்ல. உசுரோட இருக்காளே, அது போதும்னு மனசைத் தேத்திப் பார்த்தேன். போதல, வலிக்குது.

அடுத்த பருவத்துலேர்ந்து மறுபடி வேலைக்கு வர்றா. இனிமே அடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மத்தியானம் உப்பு இழுக்குற வாரியைக் கீழ போட்டுட்டு, எம் முகத்தைப் பார்க்காம பக்கத்துல வந்து நிக்கிறா. வேற யாருகிட்டயும் போறதில்ல. நான் பழைய சேலையை மறைப்பா விரிச்சு, முதுகைத் திருப்பிக்கிட்டுப் புடிக்கிறேன். வேலை நிக்குதுன்னு மேஸ்திரி தூரத்துலேர்ந்து கத்துறான். அவ எழுந்திருக்கிற வரைக்கும் நான் நகர்றதில்ல.