கண்மூடிய பெண்கள்

"ஏரி எங்கம்மா?" அவள் வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பதினோரு ஓவியங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்த கேலரி முதலாளி மறுபடியும் கேட்டார். "அந்த வெளிநாட்டு ஏரி, பனி, மலை... அதுக்குத்தானே மூணு மாசம் அனுப்பி வெச்சேன்?"

அவளும் ஏரியை வரையத்தான் போனாள். இருபது வருஷமாகத் தண்ணீரும் மேகமுமாய் வரைந்து பேர் வாங்கிய கை. ஆனால் அங்கே ஏரிக்குப் போக விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் முழுக்க, ராத்திரியெல்லாம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள். உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு, ஒருத்தி பக்கத்து இருக்கைக்காரியின் தோளை உரிமையோடு எடுத்துக்கொண்டு. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள் மடியில் மல்லாந்து கிடந்தன. நாலாம் நாள் அவள் ஏரி நிறுத்தத்தில் இறங்கவில்லை.

ஒருநாள் வரைந்துகொண்டிருக்கும்போதே எதிர் இருக்கைக்காரி விழித்து நோட்டைப் பிடுங்கிவிட்டாள். பாஷை தெரியாது, வசமாக மாட்டிக்கொண்டோம் என்று இவள் நினைத்தாள். அந்தப் பெண்ணோ தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, படத்து மூக்கையும் காட்டி, இவ்வளவு பெரிசா என்பதுபோல் முறைத்தாள். இவள் அழித்துச் சின்னதாக்கினாள். சரிதான் என்று தலையாட்டிவிட்டு அந்தப் பெண் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல," முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஆனா வீட்டு ஹால்ல யாராவது தூங்குமூஞ்சிய மாட்டுவாங்களா? கண்ணை மட்டும் திறந்து விட்டுடும்மா. லேசா ஒரு சிரிப்பு. உனக்கு ஒரு வாரத்து வேலை."

நீலத்தைக் கூட்டச் சொன்னால் கூட்டியிருக்கிறாள், குறைக்கச் சொன்னால் குறைத்திருக்கிறாள். பழக்கதோஷத்தில் 'சரி சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க, சார். நான் எழுப்ப மாட்டேன்."

"அப்ப என் சுவத்துல இடமில்ல."

"சுவருக்கா பஞ்சம்?"

வாய் சொல்லிவிட்டது. அவர் போன பிறகுதான் படங்களை எங்கே மாட்டுவது என்று யோசித்தாள். பக்கத்துத் தெருவில் தையல் வகுப்பு நடத்தும் அக்காவிடம் ஓடினாள். அக்கா மெஷின்களை ஓரமாகத் தள்ளினாள். "கொண்டு வாடி. எனக்குத்தான் என் வீட்ல தூங்கக் குடுத்து வைக்கல, இவங்களாவது தூங்கட்டும்."

பஸ் முழுக்கத் தூங்கும் பெண்களை வரைந்த பெரிய படம் வேனுக்குள் நுழையவில்லை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்தார்கள்.

"ஒரு துணியாவது போட்டு மூடலாமேடி?"

"எதுக்குக்கா?"

முக்குத் திரும்பியதும் எதிர்க்காற்று படத்தை அறைந்து இருவரையும் பின்னுக்குத் தள்ளியது. "விட்டுடாதடி!" என்று மறுமுனையிலிருந்து அக்கா கத்தினாள். இவள் குதிகாலை ஊன்றித் தோளைக் கொடுத்தாள். சைக்கிள்கள் ஒதுங்கி நிற்க, கண்மூடிய பெண்கள் தெருவை அடைத்துக்கொண்டு முன்னே போனார்கள்.