காலிக் குழாயில் ஒரு கோடு

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. கொழுப்பு உயிர்வேதியியலில் சாதித்தவர்களுக்கான விருதுச் சொற்பொழிவுக்கு என் அக்காவை அழைத்திருந்தார்கள். பேச்சைச் சரிபார்த்துத் தரச் சொன்னாள். கூடவே ஒரு கதையும் தேற்றிவிடலாம் என்று நினைத்தேன். (வீட்டில் யாராவது 'உனக்குக் கொழுப்பு' என்று திட்டினால், 'எந்த வகை?' என்று கேட்பவள் அவள்.)

2

'பனி படர்ந்த அந்த அதிகாலையில், ஆய்வகத்தின் ஜன்னல் வழியே…'

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

பதினோரு வருடங்களுக்கு முன், ஈரல் செல்களிலிருந்து குளோரோஃபார்மில் கரைத்தெடுத்த கொழுப்பை, வகைக்கு ஒரு கோடாகப் பிரித்துக் காட்டும் கண்ணாடித் தகட்டில் ஏற்றியபோது, யாரும் பார்த்திராத ஒரு கோடு தெரிந்தது. புதுக் கொழுப்பு என்றார்கள். விருதே அதற்குத்தான். போன வாரம், திரையில் காட்டத் தெளிவான படம் வேண்டுமென்று அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். பக்கத்தில், செல்லே போடாமல் குளோரோஃபார்ம் மட்டும் ஊற்றிய ஒரு காலிக் குழாயையும் வைத்தாள். அதன் தகட்டிலும் அந்தக் கோடு வந்தது.*

* குழாய் மூடியின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் குளோரோஃபார்ம் கரைத்திருக்கிறது. அக்கா இத்தனை வருடம் ஆராய்ந்தது மூடியை.

3

இங்கே கதாநாயகி தயங்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கத் தயங்க வைத்தேன். அக்கா படித்துப் பார்த்தாள்.

"நான் எப்போடா இப்படி ஜன்னலோரம் நின்னேன்?"

"கதைக்கு வேணும்க்கா. மறைச்சிடலாமான்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சிருப்பியே."

"விருது போயிடுமேன்னு அழுதேன். அத எழுது. மறைக்க நினைக்கல."

"விருதுக் குழுத் தலைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடேன்."

"சொல்லிட்டேன். உடம்பு சரியில்லன்னு வராம இருந்துடுங்க, அப்புறம் சத்தமில்லாம பாத்துக்கலாம்னாரு. வருவேன்னுட்டேன். அந்த மூடிய இன்னும் எத்தன லேப்ல போடறாங்களோ."

எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படி ஒரு பிடிவாதக்காரியை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்? பெருமையாகவும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

4

முடிவு அ: அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. (அக்கா பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'சினிமா.')

முடிவு ஆ: விருது ரத்தாகிறது. அவள் தலைகுனிந்து… (இதையும் அடித்தாள். 'தலைகுனிந்து' மேல் மட்டும் இரண்டு தடவை.)

5

இதை அரங்கின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா மேடையில் நிற்கிறாள். முதல் படமே காலிக் குழாயின் தகடுதான்.

"எனக்கு விருது வாங்கிக் குடுத்த இந்தக் கோடு கொழுப்பே இல்ல. குழாயோட மூடியிலேர்ந்து வந்தது. தப்பு என்னோடது. எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன்."

குழுத் தலைவர் எழுந்துவிட்டார். எதற்கு என்று தெரியவில்லை. அக்கா நிறுத்தவில்லை, அடுத்த படத்துக்குப் போகிறாள்.

இனிமேல் நான் எழுதினால் அவளுக்காகப் பொய் சொல்லிவிடுவேன். தம்பி அல்லவா. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை; முடிவை நீங்களே எழுதுங்கள். நீங்களும் இதே துறைக்காரர், இதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தக் கோட்டை நம்பி நாலு கட்டுரை எழுதிப் பதவியும் வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அக்கா பேசி முடித்துவிட்டு, "கேள்வி இருந்தா கேளுங்க" என்கிறாள். அவள் பார்ப்பது உங்களைத்தான்.