திறக்காத சோற்றுப் பெட்டி

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் இலக்கியம் அல்ல, ஒரு சோற்றுப் பெட்டி. இன்று காலை யாரோ என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ என்ன, தோமிஃபுமிதான். மேலே அவள் பெயர் எழுதியிருக்கிறது.

கியோத்தோவில் எங்கள் கெய்ஷாத் தெருவின் தொழிலை விட்டுப் போகிறவள் சோறு கொடுத்துத்தான் விடைபெறுவாள். வெறும் வெள்ளைச் சோறு என்றால் இனி வரமாட்டாள். நாலு சிவப்புப் பயறு கலந்திருந்தால் ஒருநாள் திரும்பி வரக்கூடும். பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. அதைத் திறக்காமலிருக்க ஏதாவது வேலை வேண்டுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "செர்ரிப் பூக்கள் உதிரும் அந்தியில், பட்டுடுத்திய பேதைப் பெண் ஒருத்தி..."

சீ. பூ உதிராவிட்டால் உங்களுக்கு ஒரு கெய்ஷா கதை தொண்டையில் இறங்காதா?

தோக்கியோவில் இருக்கும் பதிப்பாசிரியர் ஹொரிகுச்சியிடம் ஃபோனில் கதையைச் சொன்னேன்.

"கொஞ்சம் கண்ணீர் வேணுமேம்மா. சின்ன வயசுலயே பொண்ண வித்துட்டாங்கன்னு வைங்களேன்."

"யாரு விக்கிறது? அவளே வீட்டுல சண்டை போட்டுட்டு வந்து சேர்ந்தா. அவ அப்பா நிகாட்டாவுல பல் டாக்டர் சார்."

"பல் டாக்டரா? ஐயோ, அது எடுபடாதும்மா."

எடுபடாதாம். இந்த ஆள் ஒரு கெய்ஷாவைப் பார்த்தது நாள்காட்டியில் மட்டும்தான்.

3

இரண்டாம் தொடக்கம்: "தோமிஃபுமிக்கு ஆட வராது."

பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன். பதினேழு வயதில் அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறாள் என்பது எனக்கு

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

என் பெயர் தோமிசுஸு. இருபத்தாறு வருடமாகக் கெய்கோ, அதாவது நீங்கள் கெய்ஷா என்று சொல்வது. அவள் மைக்கோ, இன்னும் பழகுகிற பெண். அவள் அரங்கேறிய நாளில் இருவரும் ஒரே கிண்ணத்தில் மது அருந்தினோம். என் பெயரில் பாதி அவளுக்குப் போனது, நான் அவளுக்கு அக்கா ஆனேன்.*

(* அக்கா என்றதும் உருகிவிடாதீர்கள். தப்பு அக்காமேல் இருந்தாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் தங்கைதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கதை புரியாது, எனக்குக் கவலையும் இல்லை.)

4

முதல் வருடம் மைக்கோ கீழுதட்டில் மட்டும்தான் சிவப்புத் தீட்டுவாள். மேலுதடு முகப்பூச்சோடு பூச்சாக வெள்ளையாகவே இருக்கும். போன மாதம் ஒரு விருந்துக்கு இவள் இரண்டு உதட்டையும் சிவப்பாக்கிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஆறு விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, காகிதத்தை எடுத்து அவள் மேலுதட்டை அழுத்தித் துடைத்தேன்.

"அதுக்குள்ள பெரிய மனுஷி ஆயிட்டியாடி? வாய் ரொம்பத்தான் நீளுது."

"விடும்மா, பசியில சிவப்புக் கிண்ணத்தோட சாயத்தையும் நக்கியிருப்பா," என்றார் ஒரு பட்டு வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளுக்கு அதற்குமேல் புத்தி போகாது. நானும் சிரித்தேன்.

அவள் பாயில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. என் தப்புதான்."

வெள்ளைப் பூச்சும் சேர்ந்து போய், உதட்டுக்கு மேல் வெறும் தோல் தெரிந்தது. அப்படியே எழுந்து ஆடினாள். நன்றாகவே ஆடினாள், சனியன்.

5

மறுநாள் அவள் தங்கிப் பழகிய கெய்ஷா வீட்டை நடத்தும் அம்மாவிடம் குறை சொல்லப் போனேன். அந்த அம்மா தேநீரை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"முந்தாநாளோட அவளுக்கு ஒரு வருஷம் முடிஞ்சிடுச்சுடி. மேலுதட்டுக்கும் போட்டுக்கன்னு நேத்து காலையில நான்தான் சொன்னேன்."

"அவ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

"எப்படிடி சொல்லுவா? நீ அக்காவாச்சே."

மாடியில் அவள் மூன்று தந்தி வாத்தியத்தில் பாடம் பழகிக்கொண்டிருந்தது கேட்டது. பன்னிரண்டே படி. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

(இங்கே நான் படியேறிப் போய் அவள் கையைப் பிடித்து அழுவதாக ஒரு பக்கம் எழுதினேன். அருமையாக வந்திருந்தது. ஹொரிகுச்சி குதித்திருப்பார். கிழித்துப் போட்டேன். செய்யாததை எழுதி நல்ல பெயர் வாங்குகிற அளவுக்கு நான் இன்னும் எழுத்தாளர் ஆகிவிடவில்லை.)

6

முடிவு ஒன்று: பெட்டியில் வெள்ளைச் சோறு. ஹொரிகுச்சிக்குக் கண்ணீர் கிடைக்கும்.

முடிவு இரண்டு: நிறையப் பயறு. உங்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. விடைபெறும் சோற்றை முதலில் அக்காவிடம் நேரில் கொடுத்துக் குனிய வேண்டும் என்பது முறை. ஒரு வருடத்தில் ஒரு முறையும் தவறாத பெண், இதை மட்டும் செய்யாமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வலிக்கிறது. அதற்குமேல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நேரம் உங்களை ஏளனம் செய்துவிட்டு இப்போது உதவி கேட்கிறேன், வெட்கமில்லாமல். பெட்டியை நீங்கள் திறங்கள். ஒரே ஒரு பயறு இருந்தாலும் சொல்லுங்கள். இன்றைக்கே நிகாட்டாவுக்கு ரயிலேறி, அந்தப் பல் டாக்டர் வீட்டுப் பாயில் கையை ஊன்றி, அவள் முன்னால் நான் குனிகிறேன்.

ஒன்றுமே இல்லையென்றால், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவித்த பயறு இருக்கிறது. காலையில் பெட்டி வந்ததுமே நான்தான் அவித்தேன். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். சீக்கிரம் ஆகட்டும், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.