கணீரைத் தலைவராக்கிய சீமாட்டி

அவளுக்குச் சீமாட்டி என்று பெயர் வந்தது நகையாலோ நடையாலோ அல்ல. காதில் கவரிங், காலில் ரப்பர் செருப்பு. சட்டை தைக்கும் ஆலையில் செக்கிங் மேசை வேலை. தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் பட்டன் கோணிய இடத்திலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாக அதே மேசை. சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். இவள் மட்டும் ஒரு கையில் சோறும் ஒரு கையில் புத்தகமுமாக உட்கார்ந்திருப்பாள். எல்லாம் ஒரே வகைப் புத்தகம்தான். இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பெண்களின் வாழ்க்கை வரலாறு. அந்தச் சீமாட்டிகளால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் இவளுக்கு.

ஆலைக்கு எதிரே ஒரு நூலகம். யாரோ ஒரு புண்ணியவான் செத்துப்போக, அவர் வீட்டார் ஓர் அலமாரி நிறைய இந்தப் புத்தகங்களை அங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இவள் முதல் புத்தகத்தை எடுத்ததே அட்டைப்படத்தில் இருந்த கவுனின் தையலைப் பார்க்கத்தான். அப்புறம் விட முடியவில்லை. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பெண்கள்! மந்திரிசபையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முடிவாகும். புருஷன் பேசுகிற பேச்சைத் திருத்துவார்கள். பகையாளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு விருந்து வைத்தே ராசியாக்குவார்கள். ஒரு சீமாட்டி தேர்தலுக்காகத் தெருத்தெருவாக இறங்கி, கடைக்காரன் கையைப் பிடித்து ஓட்டுக் கேட்டாளாம். பிடித்த வரிக்குப் பக்கத்திலெல்லாம் இவள் சிவப்பு அம்புக்குறியை ஒட்டி வைப்பாள். "இது என்ன உன் ஆலைச் சட்டையா?" என்று நூலகக்காரம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

அதே ஆலையில் காலர் தைக்கும் லைனில் அவளுடைய தங்கை இருந்தாள். தங்கை புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். மாமியார் வீட்டில் சோற்றுக்கும் பேச்சு, தண்ணீருக்கும் பேச்சு, மைத்துனன் கையால் அடி வேறு. ஒருநாள் கைக்குழந்தையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்காதான் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலை வாங்கிக் கொடுத்தாள். பக்கத்துத் தெருவில் ஓர் அறையும் பார்த்துக் கொடுத்தாள். பகலில் குழந்தையைக் கீழ்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். அந்தக் கீழ்வீட்டுக்காரி, வருஷக் கடைசியில் மகனோடு வேறு ஊருக்குப் போய்விடப் போவதாகச் சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே ஷிப்ட். குழந்தையை விட இடமில்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் திரும்பவும் அதே மாமியார் வீடு.

ஆலையின் கீழ்த்தளத்தில் முன்பு நூல்கண்டு அடுக்கி வைத்திருந்த ஓர் அறை காலியாகக் கிடந்தது. இரண்டு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய், காலை வெயிலும் வரும். அதைக் குழந்தைகள் அறையாக்கி ஓர் ஆயாவைப் போட்டால் போதும். இதே தவிப்பில் இருந்த தாய்மார் நாற்பது பேராவது தேறுவார்கள். தொழிலாளர் சங்கம் அழுத்திக் கேட்டால் நிர்வாகம் கொடுத்துவிடும். ஆனால் கேட்க வேண்டியவர் எட்டு வருஷமாகத் தலைவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்த இஸ்திரி மாஸ்டர். "ஆலைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வர்றதா? நல்லாயிருக்கே கதை!" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் சங்கத் தேர்தல். சங்கத்தில் பெண்கள் முந்நூற்றுத் தொண்ணூறு பேர், ஆண்கள் எழுபது பேர். சீமாட்டி நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

புருஷன் அதே ஆலையில் ஸ்டோர் கீப்பர். அவருக்கு ஆலையில் கணீர் என்று பெயர். தொண்டை அப்படி. "பட்டன் பெட்டி மூணு" என்று அவர் சொன்னால்கூடப் பதவிப் பிரமாணம் எடுப்பதுபோல இருக்கும். அந்தத் தொண்டைக்கு மேலே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

"என்னங்க, நீங்க தலைவருக்கு நின்னா என்ன?"

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"எதுவும் தெரிய வேணாம். நில்லுங்க போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். ஒரு நோட்டு வாங்கி, நானூற்று அறுபது பேரையும் அதில் எழுதினாள். யாருக்கு என்ன வியாதி, யார் பிள்ளை எந்த வகுப்பு, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம். காலையில் கணீர் சட்டை மாட்டும்போது அன்றைக்குரிய பக்கத்தை வாசித்துக் காட்டுவாள். அவர் போய், "என்னம்மா, பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பார். அந்தப் பெண் உருகிப்போவாள்.

கட்டிங் மாஸ்டரும் பாய்லர்க்காரரும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. ஆண்கள் ஓட்டில் முக்கால்வாசி அந்த இருவர் கையில்தான். இரண்டு பேரையும் ஒரே நாளில் சாப்பிடக் கூப்பிட்டாள். "வெட்டிக்கிட்டுச் சாகப் போறாங்க" என்று கணீர் நடுங்கினார். பகையாளிகளை எதிரெதிரே உட்கார வைத்தால்தான் வம்பு, பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று அவள் படித்திருந்தாள். அப்படியே நாற்காலி போட்டாள். இருவருக்கும் சர்க்கரை வியாதி என்று நோட்டில் இருந்தது. மாத்திரையில் ஆரம்பித்த பேச்சு, கை கழுவும்போது மாமன் மச்சான் அளவுக்குப் போய்விட்டது.

மேடைப்பேச்சும் அவள் எழுதியதுதான். எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும், எங்கே கையை உயர்த்த வேண்டும் என்றுகூடக் குறித்துக் கொடுத்தாள். "நம்ம பிள்ளைங்களுக்கு ஓர் அறை, அதுதான் என் முதல் கையெழுத்து!" என்று கணீர் முழங்கினபோது பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சீமாட்டி கடைசி வரிசையில் தங்கையோடு நின்று, கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தாள். கழிவறை வரிசையில், பஸ்ஸில், தண்ணீர்த் தொட்டியடியில் என்று அவள் கேட்காத ஓட்டு இல்லை. "அவர் ஜெயிச்சா அறை வரும். நான் சொல்றேன், என்னை நம்பு" என்பாள். நம்பினார்கள்.

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் கணீர் ஜெயித்தார். இஸ்திரி மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாலையும் கழுத்துமாகப் புருஷன் நின்றபோது சீமாட்டிக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், தானே அந்த மாலையைப் போட்டுக்கொண்டதுபோலத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கணீர் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"ரூம் கெடச்சிருச்சு! மேனேஜரே கையெழுத்துப் போட்டுட்டாரு!"

"கீழ இருக்கே, நூல் ரூமா?"

"அதேதான்!"

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்தாள். தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லப் போனை எடுத்தாள். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அடுக்க ஆரம்பித்தார்.

"மேசை, சுத்துற நாற்காலி, தனி போன். வெளிய போர்டு வேற. தொழிலாளர் சங்க அலுவலகம், கீழ என் பேரு. ஜன்னலுக்கு என்ன கலர் திரை போடலாம்னு நீ சொல்லு. உனக்குத்தான் துணி பத்தித் தெரியும்."

போன் கையிலேயே இருந்தது. "அப்ப குழந்தைங்க?"

"அடுத்த பேச்சுவார்த்தையில பாக்கலாம். முதல்ல தலைவனுக்கு உக்கார ஒரு இடம் வேணாமா? நின்னுக்கிட்டா போராடுறது?"

"மேடையில சொன்னீங்களே. முதல் கையெழுத்துன்னு சொன்னீங்களே!"

"எழுதுனது நீ. நான் வாசிச்சேன்," என்றார் கணீர். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அந்த இடத்திலேயே அவள் கத்தியிருக்க வேண்டும், சட்டியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அவள் படித்த பெண்கள் யாரும் கத்துவதில்லை. காத்திருப்பார்கள், நல்ல நேரம் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இவளும் காத்திருந்தாள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்தாள். "அறையைக் கொடுத்தா உங்களைத்தான் தெய்வமா கும்பிடுவாங்க" என்று டீயோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். பதவிக்கு வந்தபின் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது. ஒருநாள் சிரிப்பும் பலிக்காமல் வாய்விட்டு அழுதாள். "நீ எனக்குச் செஞ்சதை ஊரெல்லாம் சொல்லிக்காட்டப் போறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஆலையில் திரை தொங்கியது, போர்டும் ஏறியது. அந்த நாற்பது தாய்மாரில் ஒருத்திகூடத் தலைவர் அறைக்குள் போய்க் கேட்கவில்லை. எல்லாரும் செக்கிங் மேசைக்குத்தான் வந்தார்கள். "நீங்க வீட்ல ஒரு வார்த்தை சொன்னா நடக்காதா?" என்று கேட்டார்கள். "சொல்லிப் பாத்தேன்" என்றால் யார் நம்புகிறார்கள்? அவரை உண்டாக்கியதே இவள்தான் என்று ஆலைக்கே தெரியுமே. மனசு வைத்தால் முடியாததா, புருஷன் பதவி வந்ததும் இவள் போக்கே மாறிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். இவள் வருவதைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். "எல்லாரும் கையெழுத்துப் போட்டு மேனேஜர்கிட்ட கொடுக்கலாம், வாங்கடி" என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு லைன் லைனாக நடந்தாள். ஏழு பேர் போட்டார்கள். மற்றவர்களுக்கு, புருஷன் பெண்சாதி நாடகத்தில் தங்களை எதற்கு இழுக்கிறாள் என்ற எண்ணம்.

கீழ்வீட்டுக்காரி சொன்ன தேதிக்குக் கிளம்பிப் போனாள். சீமாட்டி தன் வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு நாலு நாள் லீவு போட்டாள். ஐந்தாம் நாள் சூப்பர்வைசர், வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். தங்கையும் பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும், நான் சோறு போடுகிறேன் என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு நாள்னா சரி. வருஷக்கணக்குன்னா இது என்ன சத்திரமா?" என்றார் தலைவர்.

மறுநாள் மத்தியானம் தங்கை ஆலை வாசலில் அடையாள அட்டையையும் கத்தரிக்கோலையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை. மாமியார் வீட்டுக்குத்தான் போகிறாள். மைத்துனன் போனில், "வா, பாத்திரம் நிறையக் கெடக்கு" என்றானாம்.

சீமாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால முடிஞ்சதையெல்லாம் செஞ்சேன்டி. சத்தியமா செஞ்சேன். நீயாவது நம்பு."

"நம்பறேன்க்கா. நீ பாடுபட்டதை நான் பாக்கலையா?" என்றாள் தங்கை. குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றினாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் புத்தகத்துல வர்ற அம்மாங்க இருக்காங்கல்ல, அவ்வளவு கெட்டிக்காரங்க. அவங்க ஏன் புருஷனை நிக்க வெச்சாங்க? அவங்களே நின்னிருக்கலாமே?"

"அவங்களால எப்படிடி நிக்க முடியும்? அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு உரிமையே கிடையாது. ஓட்டே கிடையாது."

தங்கை அக்காவை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை, குற்றம் சாட்டுவதும் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"உனக்கு இருந்துச்சேக்கா?"

பஸ் வந்தது. தங்கை குழந்தையை முதலில் யாரோ ஒருத்தியிடம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பையோடு தானும் ஏறிக்கொண்டாள்.