விழாத சுவிட்ச்

எனக்குப் பட்டப்பெயர் பத்து நிமிஷம். போர்டில் பொறி பறக்கிறது, வயர் கருகுகிறது, சுவரைத் தொட்டால் உதறுகிறது என்று யார் கூப்பிட்டாலும், "மெயினை இறக்கி வைங்க, பத்து நிமிஷத்துல வந்துர்றேன்" என்பேன். சொன்னபடி போய் நிற்பேன். இருபத்தாறு வருஷ எலக்ட்ரீஷியனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யார் வீடு, போன் நம்பர், என்ன கோளாறு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று எழுதிவிடுவேன். வேலை பாக்கி இருந்தால் ஓரத்தில் 'நாளை' என்று எழுதி வைப்பேன். முடித்த பிறகு அதை அடிப்பது வழக்கம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போனில் கூப்பிட்டாள், முன்பே நான் வேலை பார்த்த வீடு.

"அண்ணே, தங்கச்சிக்கு ஷாக் அடிச்சிருச்சு. பாத்ரூம்ல, குழாயைப் பிடிச்சப்போ."

"எப்போ?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் அடிச்சதுக்கு இன்னைக்குக் கூப்பிடறே! நல்ல பொண்ணும்மா நீ."

"எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் கிடந்தோம். பிழைச்சதே பெரிய விஷயம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க, அதுக்குள்ள பாத்துக் குடுங்க. நீங்க பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

ஒன்பதாவது நிமிஷம் அந்த வீட்டுப் படியில் இருந்தேன். இரண்டாம் மாடி. கதவுக்கு வெளியே கடைசிப் படியில் தங்கையின் புருஷன் உட்கார்ந்திருந்தான். பஸ் ஓட்டுகிறவன், ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். அன்றைக்கு ஏதோ பாதியாகிப் போனவன் மாதிரி இருந்தான். பக்கத்தில் துணி அடைத்த பை ஒன்று இருந்தது.

உள்ளே நுழைந்ததும் அக்காக்காரி கொட்டித் தீர்த்தாள். போன வாரம்தான் பாத்ரூமில் புதிதாக வெந்நீர் ஹீட்டர் வந்ததாம். ஆளைக் கூப்பிடலாம் என்று இவள் சொன்னாளாம். நானே மாட்டுகிறேன் என்று அவன் மாட்டினானாம்.

"கூட ரெண்டு செகண்ட் பிடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொல்றார். உள்ளங்கை கருகிப் போச்சு அண்ணே. இனி இந்த வீட்டுல அவருக்கு இடமில்ல. அவங்க அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிப் பக்கமும் வரக்கூடாதுன்னுட்டேன்."

இந்த மாதிரித் தாங்களே கை வைக்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத எரிச்சல். செல்போனில் ஒரு படம் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிவிடுவார்கள். வாசலுக்குப் போய் என் பங்குக்கு நானும் கொடுத்தேன்.

"ஏன்ப்பா, நான் வந்து உன் பஸ்ஸை ஓட்டுனா சும்மா இருப்பியா? ஆளுக்கொரு தொழில்னு எதுக்கு வெச்சிருக்காங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "நான்தான் மாட்டுனேன். தப்பு என்மேலதான்" என்றான். அந்தக் குரலைக் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. அதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாத்ரூமுக்குப் போனேன். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றி, அவன் எங்கே கோட்டை விட்டான் என்று தேடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆசையோடு தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. தடித்த வயராகப் போட்டிருந்தான். எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாக இருந்தது. எர்த் வயரை இருக்கவேண்டிய இடத்தில் சரியாக மாட்டியிருந்தான். நானே மாட்டியிருந்தாலும் இதைவிடச் சுத்தமாக இருந்திருக்காது.

கோளாறு ஹீட்டரின் வயிற்றுக்குள் இருந்தது. உள்ளே இருந்த கம்பிச் சுருள் வெடித்து, கரண்ட் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. எர்த் வழியாக மண்ணுக்குப் போகலாமென்றால், கீழே இறங்கிப் பார்த்தபோது குழியில் அந்தக் கம்பி துருப்பிடித்து அற்றுக் கிடந்தது. இது இரண்டும் பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரிய நியாயமில்லை. அப்படியே இருந்தாலும், ஆள் உடம்பில் கரண்ட் பாய்ந்த கணத்திலேயே வீட்டையே அணைத்துவிடத்தான் போர்டில் டிரிப் சுவிட்ச் என்று ஒன்று வைக்கிறோம். அது ஏன் விழவில்லை?

ஹாலில் போர்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறினேன். அவள் டீயோடு வந்து நின்றாள்.

"அந்த சுவிட்சுல ஒரு குறையும் இருக்காது அண்ணே. அம்மா முடியாம இருந்தப்போ நீங்க வந்து சரி பண்ணீங்களே, அதுக்கப்புறம் நாலு வருஷத்துல ஒரு தடவைகூட விழல. உங்க கைராசி அப்படி."

டிரிப் சுவிட்சைக் கையால் கீழே இறக்கினேன். வீட்டில் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். சுவிட்சுக்குள் போகவேண்டிய வயர்களும் வெளியே வரவேண்டிய வயர்களும் அதைத் தொடாமலே நேருக்கு நேர் முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. சுவிட்ச் வெறும் பொம்மையாக உட்கார்ந்திருந்தது. முறுக்கின் மேல் நீல டேப். டேப்பின் நுனி ஒரு விரல்கடை மடிக்கப்பட்டிருந்தது.

அந்த மடிப்பு என்னுடையது. அடுத்த முறை பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி மடிப்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம் இதே ஹாலில் நின்றிருந்தேன். இவர்களுடைய அம்மா மூச்சு மெஷினில் இருந்தார். ஈரத்தில் எங்கேயோ கரண்ட் கசிந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டிரிப் சுவிட்ச் விழுந்தது. விழும்போதெல்லாம் மெஷின் நின்றது. அந்த அம்மா மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். கசிவைத் தேட இரண்டு மணி நேரமாவது வேண்டும். "ஏதாவது பண்ணுங்க அண்ணே" என்று இவள் கத்தினாள். பண்ணினேன். ராத்திரி ஒரு பொழுது ஓடட்டும், நாளைக்கு வந்து கசிவைக் கண்டுபிடித்துப் பிரித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு அவசரத்துக்கு ஓடினேன்.

மறுநாளும் வேறெங்கேயோ அவசரம். மூன்றாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். சாவுக்குப் போனேன், மாலை போட்டேன். துக்க வீட்டில் ஸ்டூலைப் போட்டு ஏறி போர்டைக் கழற்றுவது எப்படி என்று தயங்கினேன். காரியமெல்லாம் முடியட்டும் என்று விட்டேன். அப்புறம் எனக்கே மறந்துபோயிற்று. வருவதில்தான் நான் சூரன். திரும்பி வருவதற்கு யாரும் எனக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை.

"என்ன அண்ணே, அவர் பண்ண வேலைதானே?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

ஒரு தலையசைப்பு போதும். டேப்பைப் பிரித்து, வயரை அதன் இடத்தில் சொருகி மூடினால் ஐந்து நிமிஷ வேலை, ஈ காக்கைக்குத் தெரியாது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவான். நான் கைராசிக்காரனாகவே இருக்கலாம். பொய் சொல்லப் பயந்து உண்மையைச் சொன்னேன் என்றில்லை. ஸ்டூலில் நின்றால் திறந்திருந்த கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது. தப்பு என்மேலதான் என்று அவன் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

இறங்கி அவனை உள்ளே கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் போர்டைக் காட்டினேன்.

"ஹீட்டர் கெட்டுப்போறது எந்த வீட்டுலயும் நடக்கும். தம்பி மாட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. இந்த சுவிட்ச் விழுந்திருந்தா அந்தப் பொண்ணுக்குச் சுருக்குன்னு ஒண்ணு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். விழவிடாம கட்டி வெச்சது நான். அம்மாவுக்கு முடியாத அன்னைக்கு."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று.

"ஆனா அது அம்மாவுக்காகத்தானே பண்ணீங்க?"

"அது அம்மாவுக்காகப் பண்ணேம்மா. அதுக்கப்புறம் வராம இருந்ததுக்கு என்கிட்ட காரணம் இல்ல."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் டேப்பின் மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாசலுக்குப் போய், படியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அதைத் தங்கையின் அறையில் வைத்துவிட்டு அவனிடம் சொன்னாள்.

"ரெண்டு நாளா சாப்பிடல நீங்க. சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழுது நான் பார்த்ததில்லை. அவள் என் பக்கம் திரும்பாமலே, "முடிச்சிட்டுப் போங்க" என்றாள். அந்த வாக்கியத்தின் முன்னாலும் பின்னாலும் அண்ணே இல்லை.

நான்கு மணிக்குள் எல்லாம் முடித்தேன். பால்கனி சுவருக்குள் நாலு வருஷமாக நனைந்து கரண்டைக் கசியவிட்ட பிளக் பாயிண்டைக் கண்டுபிடித்துப் பிடுங்கினேன். கீழே புது எர்த் இறக்கினேன். டிரிப் சுவிட்சையும் புதிதாக மாற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு அவனும் திரும்பியிருந்தான். அதிலிருந்த சோதனைப் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னேன். சுவிட்ச் டக்கென்று விழுந்தது. மின்விசிறி மெதுவாகி நின்றது. வீடு அமைதியாயிற்று.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் அவன். "இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல?"

நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்குப் போய் அலமாரிக்கு மேலிருந்த தகர டப்பாவைக் கவிழ்த்தேன். இருபத்தாறு வருஷ நோட்டுகள். ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். அடிக்காத 'நாளை' பதினாலு இருந்தது. எல்லாமே மோசமானவையாக இருக்காது. எது மோசம் என்று எனக்கு நினைவில்லை. வந்து சேர்ந்த நேரம் மட்டும் எல்லாவற்றிலும் துல்லியமாக இருந்தது.

முதல் வீட்டுக்குப் போன் செய்தேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய நம்பர். நல்லவேளை, எடுத்தார்கள். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது.

"அட, பத்து நிமிஷமா! எப்படி இருக்கீங்க? நாங்க கூப்பிடலையே?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க போர்டுல அந்த டிரிப் சுவிட்ச் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, பிரமாதமா இருக்கு. நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து ஒரு தடவைகூட விழல."

"மெயினை இறக்கி வைங்க" என்றேன். "பிள்ளைங்களைக் குழாய்ப் பக்கம் விடாதீங்க. பத்து நிமிஷத்துல வந்துர்றேன்."